காவற்கோபுரம் இல்லாத வானம்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையில் இலக்கியம் பேசினோர் பலர். இசை பேசினோர் பலர். சென்ற மாதம் சிலம்பின் சுவையை நமக்கெல்லாம் அள்ளி வழங்கிய புலவர் பெருமானுக்குப் பின்னே, எஞ்சின் எண்ணெய் மணக்கும் பொருளொன்றை எடுத்துக்கொண்டு நான் வந்து நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆகாய விமானம் ஓட்டுவதையும், ஓட்டக் கற்பிப்பதையும் தொழிலாகக் கொண்டு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். எனக்குத் தெரிந்தது அது ஒன்றே. எனினும் இன்றைய பொருளை நான் தேடிக்கொள்ளவில்லை. நம் குடியிருப்பைச் சேர்ந்த ஓர் அன்னையார் எனக்குக் கொடுத்தது இது.

ஒரு நாள் மாலை அந்த அம்மையார் செய்தித்தாள் ஒன்றைக் கையிலேந்தி என் வீட்டு வாயிலுக்கு வந்தார். அவருடைய மகள் விமானி ஆக வேண்டும் என்று உறுதி கொண்டவள். பாங்கிக் கடனும் ஊரிலிருந்த நிலத்தை விற்ற பணமுமாகச் சேர்த்து, வெளிநாட்டுப் பயிற்சிப் பள்ளியொன்றில் இடமும் பெற்றாகிவிட்டது. அந்த வேளையில் வந்தது அச்செய்தி. 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள், கனடா நாட்டின் மானிடோபா மாகாணத்தில் ஸ்டைன்பாக் என்னும் ஊரருகே, பயிற்சி மாணவர் இருவர் தனித்தனியே ஓட்டிய இரு சிறு விமானங்கள் வானில் மோதி வீழ்ந்தன, இருவரும் மாண்டனர். அவர்களில் ஒருவர் நம் அண்டை மாநிலமாகிய கேரளத்து இளைஞர். ஏறுவதும் இறங்குவதுமான பயிற்சியில் ஈடுபட்டிருந்த இருவரும் ஒரே வேளையில் ஓடுபாதையை நாடி வந்தனர் என்று அன்றைய செய்திகள் கூறின.

"ஐயா, அந்த இடத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரமே கிடையாதாம். என் மகள் போகும் இடத்திலும் இல்லை என்கிறாள். கோபுரம் இல்லாத இடத்தில் குழந்தைகளை எப்படிப் பறக்கவிடுகிறார்கள்? அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று அவர் கேட்டார்.

அன்று நான் கூறிய விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை, எனக்கும் நிறைவளிக்கவில்லை. ஆகவே அதே விடையைச் சற்று ஒழுங்குபடுத்தி இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். கோபுரம் உள்ள விமான நிலையங்கள்தாம் உலகில் குறைவு. அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுமக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்கள் அங்கே ஏறத்தாழ 5,000 உள்ளன. அவற்றுள் கோபுரம் உள்ளவை 500-ஐ ஒட்டியவையே. மற்றவற்றில் விமானிகள் தாமே ஒருவரையொருவர் பார்த்து, ஒருவருக்கொருவர் சொல்லி, ஏறி இறங்குகிறார்கள். நாம் பொம்மனஹள்ளியில் இருந்துகொண்டு, வடகிழக்கே எச்.ஏ.எல். நிலையத்தையும், 2008-ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பெற்ற தேவனஹள்ளி நிலையத்தையும் மட்டுமே விமான நிலையம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். நம் சொந்த மாவட்டங்களை நினைத்துப் பாருங்கள். உளுந்தூர்ப்பேட்டையிலும் கயத்தாற்றிலும் செட்டிநாட்டிலும் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுபாதைகள் கிடக்கின்றன. நீண்டதொரு தளம், சுற்றிலும் முட்புதர், மேலே வானம், அவ்வளவே. ஒரு விமானம் வந்திறங்க உண்மையில் அவ்வளவே போதும். இரண்டு விமானங்கள் ஒன்றாக வரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

நம் ஓசூர்ச் சாலையில் மின்சாரம் நின்று விளக்குகள் அணைந்துபோன நேரத்தை நீங்கள் அறிவீர்கள். போலீஸ்காரரும் இல்லை. லாரியும் பஸ்ஸும் ஆட்டோவும் நான்கு திசையிலிருந்தும் மூக்கை நீட்டுகின்றன. அப்போதும் வண்டிகள் நகரத்தான் செய்கின்றன. ஒருவர் கையைக் காட்டுகிறார். ஒருவர் ஒலிப்பானை அழுத்துகிறார். ஒருவர் முனகிக்கொண்டே வழி விடுகிறார். கோபுரமில்லாத் திடலும் ஏறத்தாழ இதைப் போன்றதே. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. அது பெரிய வேறுபாடு. சாலையில் ஐயம் வந்தால் பிரேக்கை மிதித்து நின்றுவிடலாம். விமானம் வானில் நிற்காது, நின்றால் விழும். ஐயம் தீரும் வரையில் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் அங்கே இருக்கிறது.

கோபுரம் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்று சிலர் கேட்கலாம். 1996-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், ஹரியானாவில் சர்க்கி தாத்ரி என்னும் ஊரின் மேலே, டில்லியிலிருந்து கிளம்பிய சவூதி விமானமும் டில்லிக்கு வந்துகொண்டிருந்த கஸாக்ஸ்தான் விமானமும் மோதி 349 பேர் மாண்டதை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். டில்லியில் கோபுரமும் இருந்தது, ராடாரும் இருந்தது. 15,000 அடி உயரத்தில் நில்லுங்கள் என்று கூறப்பட்ட விமானம் அதற்குக் கீழே இறங்கிவிட்டது என்று நீதிபதி லகோட்டி அவர்களின் விசாரணையில் வெளிப்பட்டது. அதன் பின்னரே வருவதற்கும் போவதற்கும் தனித்தனி வழிகள் வகுக்கப்பட்டன. மோதலைத் தவிர்க்கும் கருவி பெரிய விமானங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. நம் பெங்களூரிலும், 2022-ஆம் ஆண்டு ஜனவரியில், இரண்டு ஓடுபாதைகளிலிருந்து ஒரே வேளையில் எழும்பிய இரு பெரிய விமானங்கள் ஒன்றையொன்று நெருங்க, ராடாரில் அமர்ந்திருந்த அலுவலர் ஒருவர் கண்டு திருப்பிவிட்டார். ஆக, கோபுரமும் மனிதர்கள் அமரும் இடமே. அங்கே மேலும் ஒரு சோடிக் கண்கள் இருக்கின்றன. நம் தவற்றைப் பிறிதொருவர் காணும் வாய்ப்பு இருக்கிறது. கோபுரமில்லாத் திடலில் அந்த வாய்ப்பு இல்லை. இந்த அன்னையாரின் அச்சத்திற்கு அடிப்படை இதுதான். அதை வெறும் அச்சம் என்று நான் தள்ளிவிடமாட்டேன்.

சர்க்கி தாத்ரி விபத்து நடந்து சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 19-ஆம் நாள், அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்துக் குவின்ஸி நகரில் ஒரு விபத்து நிகழ்ந்தது. நம் நாட்டுச் செய்தித்தாள்களில் அதற்கு இடம் கிடைத்திராது. ஆயினும் என் மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னது இதைத்தான். ஆதலின் சற்று விரிவாகவே கூறுகிறேன்.

குவின்ஸி நிலையத்தில் கோபுரம் இல்லை. மாலை ஐந்து மணி. அந்தி மயங்கும் நேரம். பயணிகள் பத்துப் பேரும் விமானிகள் இருவரும் அமர்ந்த பீச்கிராஃப்ட் விமானம் ஒன்று இறங்க வந்துகொண்டிருந்தது. அது இறங்கும் ஓடுபாதையை வேறோர் ஓடுபாதை குறுக்கே வெட்டிச் செல்கிறது. அந்தக் குறுக்கு ஓடுபாதையின் முனையில் கிங் ஏர் என்னும் இரட்டை எஞ்சின் விமானம் எழும்பக் காத்து நின்றது. அதன் பின்னே செரோகீ என்னும் சிறு விமானம் ஒன்று. இறங்கி வந்தவர்கள் கவனமற்றவர்கள் அல்லர். தாம் எங்கே இருக்கிறோம், எந்த ஓடுபாதையில் இறங்கப் போகிறோம் என்பதைப் பன்முறை ரேடியோவில் அறிவித்தார்கள். கிங் ஏரைக் கண்டு, நீங்கள் நிற்கப் போகிறீர்களா, கிளம்பப் போகிறீர்களா என்று பெயர் சொல்லியே கேட்டார்கள். விடையும் வந்தது: எழும்புவதற்காகக் காத்து நிற்கிறோம் என்று. அவர்களும் மகிழ்ந்து நன்றி கூறி இறங்கினார்கள்.

விடை கூறியவர் கிங் ஏர் விமானி அல்லர்! பின்னால் நின்ற செரோகீ விமானி. தம் விமானத்தின் எண்ணைக் கூறித்தான் அவர் பேசினார். ஆனால் இறங்கிவந்த விமானத்துக்குள் தரையின் அண்மையை எச்சரிக்கும் இயந்திரக் குரல் அவ்வேளையில் ஒலித்து அவருடைய பேச்சின் ஒரு பகுதியை மறைத்துவிட்டது. கேட்டவர்களுக்குத் தாம் எதிர்பார்த்த விடை வந்தது. எதிர்பார்த்தவரிடமிருந்தே வந்தது என்று கொண்டனர். கிங் ஏர் ஒன்றும் பேசாமல் ஓடுபாதையில் பாய்ந்தது. இரண்டும் சந்திப்பில் மோதின. இரு விமானங்களிலும் இருந்த 14 பேரும் மாண்டனர். கிங் ஏரில் இருந்தோர் பொது அலைவரிசையைச் சரியாகக் கேட்கவில்லை, சுற்றிலும் சரியாகப் பார்க்கவுமில்லை என்பதே காரணம் என அந்நாட்டு விபத்து விசாரணைக் குழுவினர் முடிவு கூறினர்.

இது தரையில் நிகழ்ந்த மோதல். ஆயினும் வானில் நிகழும் மோதல்களின் கருவும் இதுவே. கோபுரமில்லாத் திடலில் காதில் விழுந்த குரல் யாருடையது என்பதற்கு உறுதி இல்லை. அதனினும் கொடியது, காதில் ஒன்றுமே விழாமல் இருப்பது. ரேடியோ அமைதியாக இருந்தால் வானம் வெறுமையாக இருக்கிறது என்று மனம் எண்ணிக்கொள்கிறது. அங்கே ரேடியோவே இல்லாத விமானம் இருக்கலாம். பல நாடுகளில் அத்தகைய திடல்களில் அது சட்டத்துக்குப் புறம்பானதன்று. ரேடியோ இருந்தும் அலைவரிசைக் குமிழை ஓர் எண் தவறித் திருப்பியவர் இருக்கலாம். இருவர் ஒரே நொடியில் பேசத் தொடங்கினால் இருவர் பேச்சும் கீச்சென்ற ஒலியாகிப் பிறர் காதில் விழும்; பேசியவர்களோ தாம் சொல்லிவிட்டதாகவே எண்ணி மேலே செல்வார்கள்.

அப்படியானால் எதை நம்புவது? முதலாவது நம்பிக்கை, எல்லோரும் ஒரே வழியில் சுற்றி வருவது.

நம் கோயில்களில் ஆயிரம் பேர் கூடும் நாளிலும் பிராகாரத்தில் ஒருவர்மேல் ஒருவர் மோதாமைக்குக் காரணம் என்ன? யாவரும் வலமாகவே வருகிறார்கள். எதிரே வருவார் இலர். முன்னே செல்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தால் போதும். விமானத் திடலிலும் ஒரு பிராகாரம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத பிராகாரம். ஓடுபாதையை ஒரு பக்கமாகக் கொண்டு, தரையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில், நாற்கோணமாக விமானங்கள் சுற்றி வரும். ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும் நெடும்பக்கத்தை டவுன்விண்ட் என்பார்கள். குறுக்கே திரும்பும் பக்கம் பேஸ். ஓடுபாதையை நேரே நோக்கிய இறுதிப் பக்கம் ஃபைனல். கோயிலில் வலம், இங்கே பொது வழக்கு இடம். தலைமை விமானி இடப்பக்க இருக்கையில் அமர்வதால், இடப்புறமாகத் திரும்பினால்தான் ஓடுபாதை அவர் கண்ணுக்குத் தடையின்றித் தெரியும். மலையோ ஊரோ குறுக்கிட்டால் சில திடல்களில் வலச்சுற்றும் உண்டு. எந்தத் திடலில் எது என்று முன்பே படித்து அறியாமல் செல்பவர், தேர்த் திருவிழாவில் எதிர்த்திசையில் நடப்பவருக்கு ஒப்பாவார்.

இந்தச் சுற்றில் சேராமல், தொலைவிலிருந்து நேரே ஃபைனலில் நுழைந்து இறங்குவோரும் உண்டு. பல இடங்களில் அது தடுக்கப்பட்டதன்று. எண்ணெயும் நேரமும் மிச்சமாகும். ஆனால் சுற்றில் வருபவர் பேஸிலிருந்து திரும்பும் அந்த மூலையில்தான் இவர் வந்து சேர்கிறார். 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் கலிபோர்னியாவில் வாட்ஸன்வில் என்னும் கோபுரமில்லாத் திடலில் நிகழ்ந்தது அதுவே. சிறிய செஸ்னா 152 ஒன்று சுற்றில் வந்து ஃபைனலில் திரும்பியது. இரட்டை எஞ்சின் கொண்ட செஸ்னா 340 ஒன்று நேர்வழியில், அந்நிலைக்குப் பொருந்தாத பெருவேகத்தில் பின்னாலிருந்து வந்தது. இருவரும் ரேடியோவில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். சிறிய விமானத்தில் இருந்தவர் பெரியது விரைந்து நெருங்குவதைக் கண்டு, இறங்குவதைக் கைவிட்டு மேலேற முயன்றார். அதற்குள் மோதல் நிகழ்ந்துவிட்டது, மூவர் உயிரிழந்தனர். வேகமாக வருபவர் தம் வேகத்தை நோக்கிக் கணக்கிடாமல், முன்னே மெல்லச் செல்பவரின் வேகத்தை நோக்கிக் கணக்கிட வேண்டும். பொம்மனஹள்ளி மேம்பாலத்தில் இரவில் காரோட்டும் சில இளைஞர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கலாம் என்று தோன்றுகிறது.

இரண்டாவது நம்பிக்கை கண். இங்கேதான் இயற்கை நம்மை ஏமாற்றுகிறது.

நகரும் பொருளை நம் கண் எளிதில் கண்டுகொள்ளும். புதரில் முயல் அசைந்தால் தெரிகிறது, அசையாதிருந்தால் தெரிவதில்லை. மோதும் வழியில் நேராக வரும் விமானமோ நம் கண்ணாடியில் அசைவதே இல்லை! இரு விமானங்களும் திசையும் வேகமும் மாறாமல் ஒரே புள்ளியை நோக்கிச் செல்லுமாயின், ஒன்றிலிருந்து பார்க்க மற்றொன்று ஒரே இடத்தில் ஒட்டிவைத்த புள்ளி போல நிற்கும். இடம்விட்டு நகரும் விமானம் நம்மேல் மோதாது. நகராமல் நிற்பதே மோதும். கண்ணாடியில் ஒட்டிய பூச்சி என்று எண்ணிய புள்ளி, கடைசிச் சில நொடிகளில் திடீரெனப் பூத்து விரியும். அப்போது செய்வதற்கு ஒன்றும் இராது.

எவ்வளவு நேரம் தேவை? அமெரிக்க விமான ஆட்சித் துறையினர் விமானிகளுக்கு வெளியிட்ட அறிவுரை ஏட்டில் ஒரு கணக்கு உண்டு. பொருளைக் கண்டு, அது விமானம் என்று அறிந்து, அது நம்மேல் வருகிறது என உணர்ந்து, எப்பக்கம் திரும்புவது எனத் துணிந்து, கை அசைந்து, விமானமும் திரும்பத் தொடங்குவதற்குள் 12.5 விநாடிகள் ஆகின்றன. தலைக்கு 90 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 167 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டு சிறு விமானங்கள் நேருக்கு நேர் வருவதாகக் கொள்ளுங்கள். அந்த 12.5 விநாடியில் அவற்றின் இடைவெளி 1,150 மீட்டருக்கு மேல் சுருங்கிவிடும். அந்தத் தொலைவில், பத்து மீட்டர் சிறகு விரித்த விமானம் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? கையை நீட்டி விரல் நுனியில் ஒரு மிளகைப் பிடித்துப் பாருங்கள். ஒரு சிறகு நுனியிலிருந்து மறு சிறகு நுனி வரை அந்த மிளகின் குறுக்களவுதான். சிறகோ மெல்லியது. உடற்பகுதி மட்டும் தெரியுமாயின் அது மிளகில் பத்திலொரு பங்கு. கடுகைக் காட்டிலும் சிறியது. அந்த அளவில் இருக்கும்போதே கண்டுவிட வேண்டும். ஆகவேதான், வெளியே பார் என்று மட்டும் நாங்கள் சொல்வதில்லை. வானத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியிலும் கண்ணைச் சிறிது நிறுத்திப் பார்க்கக் கற்பிக்கிறோம். ஓடிக்கொண்டே இருக்கும் கண் ஒன்றையும் காணாது.

கண் காணவே முடியாத இடமும் உண்டு. இதைச் சொல்ல வெளிநாட்டு விமானங்கள் வேண்டா. நம் பெங்களூரில் பிறந்தவையே போதும். எச்.ஏ.எல். நிறுவனத்தில் 1951-இல் முதன்முதலாகப் பறந்த எச்.டி.2 பயிற்சி விமானத்துக்குச் சிறகு கீழே. 1958-இல் அதே நிறுவனத்திலிருந்து பறந்த புஷ்பக் விமானத்துக்குச் சிறகு மேலே. நாடெங்கும் பறக்கும் கழகங்களில் ஒரு தலைமுறை விமானிகளை வளர்த்தெடுத்தது அது. பின்னர் 1993-இல் இங்குள்ள தேசிய ஆய்வுக்கூடத்தார் பறக்கவிட்ட ஹன்ஸாவுக்கும் சிறகு கீழேதான். ஓசூரை அடுத்த பெலகொண்டபள்ளித் தொழிற்சாலையிலும் ஹன்ஸாக்கள் உருவாயின. இப்போது எண்ணிப் பாருங்கள். மேற்சிறகு விமானத்தில் இருப்பவருக்குக் கீழே எல்லாம் தெரியும், மேலே தெரியாது. கீழ்ச்சிறகு விமானத்தில் இருப்பவருக்கு மேலே எல்லாம் தெரியும், கீழே தெரியாது. ஃபைனலில் கீழே ஒரு புஷ்பக்கும், அதன் நேர் மேலே ஓர் எச்.டி.2-உம் ஒரே ஓடுபாதையை நோக்கி இறங்கினால்? இருவர் கண்ணும் கூர்மையானவை. இருவரும் சட்டப்படி நடப்பவர்கள். இருவரும் ஒருவரையொருவர் காண வழியே இல்லை.

இது நான் கற்பனையாகச் சொல்வதன்று. 1970-களின் இறுதியில், நான் மாணவனாக இருந்தபோது, தமிழகத்துக்கு வெளியே ஒரு சிறிய திடலில் நடந்தது. பெயர் வேண்டா. காலை ஒன்பது மணி, மேகமற்ற வானம். பெரும்பாலான மோதல்கள் இத்தகைய நல்ல பகல் வெளிச்சத்தில்தான் நிகழ்கின்றன என்பது பிற்பாடு நான் படித்து அறிந்தது. நான் தனியாகப் புஷ்பக்கில் வடக்கு நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் விமானத்தில் ரேடியோ கிடையாது. கிழக்கே வெயில், ஆதலால் என் விமானத்தின் நிழல் இடப்புறம் கடலைக் கொல்லைகளின் மேல் என்னோடு ஓடி வந்தது. அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சிறுபிள்ளை மகிழ்ச்சி. அன்றும் பார்த்தேன். இரண்டு நிழல்கள் இருந்தன.

ஒன்று என்னுடையது. மற்றொன்று அதற்கு அப்பால், சற்றே பின்னால். சிறிது சிறிதாக என் நிழலை நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தேன், என் சிறகு மட்டுமே தெரிந்தது. எவ்வளவு உயரத்தில், எந்தப் பக்கத்தில் என்று சிந்திக்க நேரமில்லை. விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி, வலப்புறம் ஒதுங்கி, ஓடுபாதையை விட்டுவிட்டுப் பக்கத்துப் புல்வெளியில் இறங்கினேன். இறங்கி நின்ற பின் பார்த்தேன். கீழ்ச்சிறகு விமானம் ஒன்று ஓடுபாதையில் அழகாகத் தரை தொட்டுச் சென்றது. அதை ஓட்டியவர் என்னைவிட மூத்தவர், அனுபவசாலி. இறங்கி வந்து என்னைப் பார்த்து, "என்ன தம்பி, புல்லில் நிற்கிறாய்? எப்போது வந்தாய்?" என்று கேட்டார். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியாது. எனக்கு விடை சொல்ல நா எழவில்லை. கால்கள் நடுங்கியதை மறைக்க விமானத்தின் சக்கரத்தைக் குனிந்து பார்ப்பது போலப் பாவனை செய்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1944-ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையின் வழிவந்த வான்விதிகள் உலகெங்கும் பொது. நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்புறம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால் வலப்பக்கத்தில் தெரிபவருக்கு வழிவிட வேண்டும். இறங்க வரும் இருவரில் தாழ்வாக இருப்பவருக்கே முன்னுரிமை. ஆனால் அவர் அதைக் காட்டி இடையில் புகுந்து முந்தக் கூடாது. நல்ல விதிகள்தாம். கண்ட பிறகு செய்ய வேண்டியதை அவை சொல்கின்றன. அன்று எனக்கே முன்னுரிமை இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருக்க முடியும்?

ரேடியோ இருந்திருந்தால் அன்று நிலைமை வேறாகியிருக்கும் என்பதை மறுக்கமாட்டேன். குவின்ஸியைக் காட்டி ரேடியோவைப் பழிப்பதாக யாரும் கொள்ள வேண்டா. சுற்றின் ஒவ்வொரு திருப்பத்திலும் பேச வேண்டும்; திருப்புவதற்கு முன்பே பேச வேண்டும், ஏனெனில் சாய்ந்து திரும்பும் விமானம் பிறர் கண்ணுக்கு எளிதில் தெரியும். முதலில் திடலின் பெயர், பிறகு நான் யார், எங்கே, என்ன செய்யப் போகிறேன், முடிவில் மறுபடியும் திடலின் பெயர். பெயரை இருமுறை சொல்வானேன்? ஒரே அலைவரிசையை அண்டையிலுள்ள பல திடல்கள் பங்கிட்டுக்கொள்வதுண்டு. முதற்சொல்லைத் தவறவிட்டவர் கடைசிச் சொல்லையாவது பிடித்துக்கொள்வார். விமானத்தின் எண்ணோடு, சிவப்புச் சிறகு, வெள்ளை விமானம் என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளமும் சொன்னால் மிக நன்று.

அண்மைக் காலத்தில் ஒவ்வொரு விமானமும் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் கருவிகள் வந்திருக்கின்றன. அருகிலுள்ள விமானங்கள் சிறு திரையில் புள்ளிகளாகத் தெரிகின்றன. அரிய உதவி. எனினும் கருவி பூட்டிய விமானம் மட்டுமே திரையில் தெரியும். புதிய விமானிகள் வெளியே பார்க்க வேண்டிய நேரத்தில் திரையைப் பார்த்துக் கிடப்பதையும் நான் கண்டிருக்கிறேன். இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல என் தலைமுறைக்குத் தகுதி போதாது.

அந்த அன்னையாருக்கு வருகிறேன். "அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்பது அவர் வினா. யாரும் பார்த்துக்கொள்ளமாட்டார்கள் அம்மா, உங்கள் மகளும், அவளைப் போல அங்கே பறக்கும் பிறர் மக்களுமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவர் முகம் வாடிற்று. ஆகவே பள்ளியாரிடம் கடிதம் எழுதிக் கேட்கும்படி சில வினாக்களை எழுதிக்கொடுத்தேன். ஒரே வேளையில் சுற்றில் எத்தனை விமானங்களை விடுகிறீர்கள்? மாணவர் முதன்முதலாகத் தனியே பறக்கும் வேளையில் மற்ற விமானங்களை விலக்கி வைக்கிறீர்களா? ஆசிரியர் ஒருவர் தரையில் ரேடியோவுடன் நிற்பாரா? நேர்வழியில் இறங்க உங்கள் மாணவர்களை அனுமதிக்கிறீர்களா? இருப்பிடம் ஒலிபரப்பும் கருவி எல்லா விமானங்களிலும் உண்டா? வெறும் விளம்பர ஏட்டை மட்டும் திருப்பி அனுப்பும் பள்ளிக்குப் பணம் கட்ட வேண்டா என்றும் சொன்னேன். நல்லூழாக, அந்தப் பள்ளியார் ஒவ்வொன்றுக்கும் தெளிவாகவே விடை எழுதினார்கள். ஒரு வினாவுக்கு மட்டும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். நேர்மையாக எழுதியதே எனக்குப் பிடித்தது.

அந்தப் பெண் புறப்படுவதற்கு முன் மாலைதோறும் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வந்தாள். சமையலறையிலிருந்து ஒரு மிளகைக் கொண்டுவரச் சொல்லி, கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். பிறகு வானத்தைப் பகுதி பகுதியாகப் பார்க்கப் பழகினாள். முதல் நாள் எச்.ஏ.எல். பக்கம் வந்த ஹெலிகாப்டரை அதன் ஓசை கேட்ட பின்னரே கண்டாள். பத்தாம் நாள், ஒலி எட்டுமுன்னரே, "தாத்தா, அதோ!" என்றாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சற்று நேரம் சென்ற பிறகு தெரிந்தது. பருந்து.

"விமானம் என்று நினைத்தேன்" என்று நாணினாள். தாழ்வில்லை குழந்தாய், பருந்தும் மோதும் என்றேன். அவள் இப்போது அங்கே பறந்துகொண்டிருக்கிறாள். தாயாருக்கு வாரம் இருமுறை எழுதுகிறாள். அடுத்த ஆண்டு விழாவுக்குள் திரும்பிவிடுவாள் என்று அன்னையார் சொல்கிறார். அப்போது இதே மேடையில் அவளையே பேசச் சொல்லுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.